போர்டில் எழுதிய நிகோபார்

ஊர் சுற்றிக் காட்டுகிற தொழிலுக்கு இடங்களைப் பற்றித் தெரிந்திருந்தால் போதும் என்று நினைத்துத்தான் நானும் இறங்கினேன். இடங்கள், பாவம், ஒன்றும் செய்வதில்லை, கூட வருகிறவர்கள்தான் எல்லாம் செய்கிறார்கள்.

சொந்தபந்தத்தை ஒரு வேனில் ஏற்றிப் பழனிக்கோ வேளாங்கண்ணிக்கோ ஒரு தடவையாவது கூட்டிப்போனவர்களுக்கு என் பாட்டை விளக்க வேண்டியதில்லை. ஒருவருக்கு ஜன்னல் ஓரம் வேண்டும். ஒருவருக்கு ஆறு மணிக்குக் காபி வேண்டும். ஒருவர் எப்போதும் காணாமல் போயிருப்பார். நீங்கள் வருஷத்துக்கு ஒரு முறை படுகிற அந்த அவஸ்தையை நான் பதினெட்டு வருஷமாகத் தொழிலாகவே வைத்திருக்கிறேன். கோயமுத்தூரிலிருந்து அந்தமானுக்குக் கூட்டிப்போய், ஐந்து இரவு ஆறு பகல் சுற்றிக்காட்டி, தலை எண்ணி, குறையாமல் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். அங்கே என்னென்ன பார்க்கலாம் என்று கேட்டால் ஒப்பிக்க ஒரு பட்டியல் மனப்பாடமாக இருக்கிறது. போன தை மாதத்து ட்ரிப்புக்குப் பிறகு அதை ஒப்பிக்கும்போது நடுவில் எங்கேயோ நின்றுவிடுகிறது. அந்த ஆறு நாளைத்தான் சொல்லப்போகிறேன்.

காந்திபுரம், மாடி அறை

என் ஆபீஸ் காந்திபுரத்தில் ஒரு செல்போன் கடைக்கு மேலே இருக்கிறது. படிக்கட்டின் கீழே ஒரு போர்டு. ‘அந்தமான் நிகோபார். 5 இரவு, 6 பகல். நம்ம ஊர் சாப்பாடு.’ நிகோபாருக்கு நான் யாரையும் கூட்டிப்போனதில்லை. கூட்டிப்போகவும் முடியாது. அது அங்குள்ள பழங்குடி மக்களின் தீவுகள்; சுற்றுலாக்காரர்களுக்கு அனுமதி கிடையாது. இரண்டு பெயரையும் சேர்த்துச் சொன்னால் காதுக்கு நிறைவாக இருக்கிறதே என்று எழுதி வைத்தேன். எங்கள் தொழிலில் பலரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். அதனால் அது சரியாகிவிடாது என்று இப்போது தெரிகிறது.

ஒரு நாள் மத்தியானம் ஓர் அம்மா படியேறி வந்தார். நாற்பத்தைந்து வயது இருக்கும். பெயர் சாந்தாமணி. அவிநாசிப் பக்கம் வீடு, பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை. நான் போனில் ஒரு ஹோட்டல்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். “நிகோபாரும் இதுலயே வருதுங்களா சார்?” என்று கேட்டார். போனைக் காதிலிருந்து எடுக்காமலே பெரிதாகத் தலையை ஆட்டினேன். ஆழம் தெரியாமல் நான் காலை விட்டது அந்த நிமிஷத்தில்தான். அவர் கைப்பையைத் திறந்து ஆதார் அட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தார். “அப்படின்னா எனக்கொரு சீட்டுப் போடுங்க. நான் ஒரு ஆளுதானுங்க.”

ஜன்னல் ஓரம்

மொத்தம் இருபத்திரண்டு பேர். அதில் பேச்சுக்குப் பஞ்சமில்லாதவர் கொடுமுடி ரங்கசாமி. மஞ்சளும் வாழையும் போடுகிற விவசாயி, அறுபது தாண்டியவர், மனைவியோடு வந்திருந்தார். விமான நிலையத்துச் சோதனையில் அவர் பையிலிருந்து ஒரு முழு அரிவாள்மனை வந்தது. அதைப் பிடுங்கி வைத்துக்கொண்ட பிறகு சாந்தாமணியின் பையைத் திறந்தார்கள். ஈரத்துணியில் சுற்றிய வெற்றிலைக் கட்டு, பாக்கு, ஒரு சின்ன டப்பாவில் மஞ்சள்தூள், பிளாஸ்டிக் உறைக்குள் மடித்த ஒரு தாள். மஞ்சள்தூளை அந்த அதிகாரி முகர்ந்து பார்த்தார். சாமிக்கு வைத்திருக்கிறார் என்று நான் இந்தியில் சொல்லிச் சமாளித்தேன். “சாமிக்கு இல்லீங்க சார், கூப்பிடறதுக்குங்க” என்றார் அவர். யாரைக் கூப்பிட என்று நான் கேட்கவில்லை. வரிசை நீண்டுகொண்டிருந்தது.

சென்னையில் விமானம் மாறி ஏறினோம். கரை மறைந்த பிறகு இரண்டு மணி நேரம் கீழே கடலைத் தவிர ஒன்றுமில்லை. சண்டை போட்டு ஜன்னல் ஓரம் வாங்கிய ரங்கசாமி, கண்ணாடியில் நெற்றியை வைத்தபடி கடைசி வரை அதையே பார்த்துக்கொண்டு வந்தார். இறங்கும்போது என் தோளைத் தொட்டார். “ஏனுங்க தம்பி, இத்தன தண்ணி கெடக்குது, ஒரு வாழைக்கு ஆகாதுங்களே!”

செல்லுலர் ஜெயில்

போர்ட் பிளேருக்கு இப்போது வேறு பெயர் வைத்திருக்கிறார்கள். எங்கள் ஆட்களுக்கு அது இன்னும் போர்ட் பிளேர்தான். முதல் நாள் சாயங்காலம் செல்லுலர் ஜெயில். கொட்டடிகளைக் காட்டி முடித்து, ஒளி-ஒலிக் காட்சிக்கு எல்லோரையும் உட்கார வைத்தேன். சாந்தாமணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “சார், நிகோபார் எந்த நாளுங்க? நீங்க குடுத்த பேப்பர்ல ஆறு நாளுக்கும் பாத்துப்போட்டேன், காணமுங்க.” நான் சிரித்தேன். அது பேரில் மட்டும்தான் வரும், ட்ரிப்பில் வராது என்று பெரிய ஜோக் மாதிரி சொன்னேன். அவர் சிரிக்கவில்லை.

பிறகு சொன்னார். அவருடைய வீட்டுக்காரர் கோயமுத்தூரில் மோட்டார் பம்ப் ஃபிட்டர். நிகோபார் தீவுகளில் ஒன்றான கார் நிகோபாரில் குடிதண்ணீருக்கு மோட்டார் மாட்டும் வேலை கிடைத்துக் கப்பலேறியிருக்கிறார். வீட்டில் எட்டு மாசக் கைக்குழந்தை. ஒரு மாதம் போயிருக்கும், சுனாமி வந்துவிட்டது. உடல் கிடைக்கவில்லை. அந்தக் கைக்குழந்தை நந்தினிக்குத்தான் இப்போது மாசி மாதக் கடைசி முகூர்த்தத்தில் கல்யாணம்.

உறையிலிருந்து தாளை எடுத்துக் காட்டினார். கல்யாணப் பத்திரிகையின் ப்ரூஃப். பெண்ணின் அப்பா பெயருக்கு முன்னால் ஒரு வார்த்தை அகலத்துக்கு வெற்றிடம். ‘காலஞ்சென்ற’ என்று போட வேண்டும் என்கிறார் கொழுந்தனார். போடக் கூடாது என்கிறாள் மகள். “போட்டா, அவரு இல்லீன்னு நானே அச்சடிச்சு ஊடு ஊடாக் குடுக்கற மாதிரிங்க. போடலீன்னா, பொண்ணப் பெத்தவரு எங்கீன்னு பந்தியில கேப்பாங்க.” அச்சகத்தில் இந்த ட்ரிப் முடிகிற வரைக்கும் தவணை கேட்டிருக்கிறார். நம் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். போனில் கூப்பிட்டால் கூப்பிட்டதாகவே கணக்கில்லை. வெற்றிலை பாக்கோடு நேரில் போக வேண்டும். முன்னால் இந்தியில் யாரோ கம்பீரமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள், சுவரெல்லாம் சிவப்பு வெளிச்சம். எனக்கு வெட்கமாக இருந்தது. “ஒறம்பரை, சொந்தம் எல்லாத்தையும் நேர்ல போய்க் கூப்பிடறோம். பெத்த அப்பனக் கூப்பிடாம எப்படிங்க சார் அச்சடிக்கறது?”

ராதாநகர் கடற்கரை

மறுநாள் கப்பலில் ஹேவ்லாக் தீவு. ராதாநகர் கடற்கரையின் மணல் மாவு மாதிரி இருக்கும், அலையில் கசடு இருக்காது. என் பட்டியலில் ‘கட்டாயம் பார்க்க வேண்டியது’ என்று முதலில் ஒப்பிப்பது இதைத்தான். எங்கள் கூட்டம் மொத்தமும் தண்ணீரில் இறங்கிவிட்டது. ரங்கசாமி வேட்டியை மடித்துக் கட்டி, வாய்க்காலில் மடை திருப்புகிறவர் போல் நின்றார்.

நான் மரத்தடியில் நின்று தெரிந்தவர்களுக்கெல்லாம் போன் போட்டேன். அங்கே ட்ராவல்ஸ் நடத்துகிறவர், அவருக்குத் தெரிந்த ஒரு குமாஸ்தா, அந்தக் குமாஸ்தா கைகாட்டிய இன்னொருவர். எல்லோரும் ஒன்றையே சொன்னார்கள். நிகோபாருக்குப் பாஸ் வேண்டும். இப்படிப்பட்ட காரியத்துக்கு, அதுவும் நாலு நாளில், கிடைக்காது. அந்தச் சட்டம் அந்த மக்களின் நல்லதுக்குத்தான் என்பது எனக்கும் தெரியும். போய்ச் சொன்னேன். சாந்தாமணி அலை தொடாத தூரத்தில், செருப்பைக் கூடக் கழற்றாமல் நின்றிருந்தார். ஆறுதலாக இருக்கட்டும் என்று, இங்கேயே இறங்கிக் கூப்பிட்டுவிடுங்கள் அக்கா, எல்லாம் ஒரே கடல்தானே என்றேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “எல்லாம் ஒரே தண்ணின்னா, அவிநாசிலயே ஒரு கொடத்துல ஊத்தி வெச்சுக் கூப்பிட்டிருப்பேனுங்களே.”

கண்ணாடிப் படகு

நீல் தீவில் கண்ணாடி அடிப்பலகை போட்ட படகில் உட்கார்ந்தால் கடலின் தரை தெரியும். பவளப் பாறை, கோடு போட்ட மீன், கடல் வெள்ளரி. படகுக்காரர் ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லுவார், எங்கள் ஆட்கள் “அட!” போடுவார்கள். அன்றைக்கும் போட்டார்கள். சாந்தாமணி மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. மீன் வந்தால் மற்றவர்கள் மீனைப் பார்த்தார்கள். அவர் மீன் போன பிறகும் அந்த இடத்தையே பார்த்தார்.

என் குடும்பம் கத்தோலிக்கக் குடும்பம். நவம்பரில் கல்லறைத் திருநாளுக்கு என் அப்பாவின் கல்லறையைக் கழுவி, பூ வைத்து, மெழுகுவர்த்தி கொளுத்துவோம். சிலுவையில் பெயர் இருக்கும். ஒருவருக்கு அந்த நாலடி இடமும் இல்லை என்றால் வீட்டார் எங்கே போய் நிற்பார்கள் என்று நான் யோசித்ததே இல்லை. கரைக்குத் திரும்பும்போதுதான் அவர் வாயைத் திறந்தார். “இத்தன தெளிவா இருக்குதுங்களே சார். தேடியிருந்தா, ஒரு ஆளு கெடச்சிருக்க மாட்டாருங்களா?”

சிப்பிகாட்

ஐந்தாம் நாள் போர்ட் பிளேருக்குத் திரும்பி, வேனில் வண்டூர்ப் பக்கம் போனோம். வழியில் சிப்பிகாட் என்கிற இடத்தில் சாலையோரம் பரந்து தண்ணீர் நிற்கும். பட்டுப்போன தென்னை மரங்கள் மொட்டையாக நடுவில் நிற்கும். போட்டோ எடுக்க நிறுத்தினோம். ரங்கசாமி மட்டும் போட்டோவுக்கு வராமல் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து தண்ணீருக்குள் பார்த்தார். “இது ஏரி இல்லீங்க தம்பி, வரப்பு தெரியுது பாருங்க” என்றார். எங்கள் வேன் டிரைவர் அங்கேயே பிறந்த தமிழர். அவர் ஆமாம் என்றார். இதெல்லாம் நெல் வயல். சுனாமியன்று பூகம்பத்தில் நிலம் அப்படியே கீழே இறங்கி, கடல் உள்ளே வந்தது. பிறகு போகவே இல்லை.

ரங்கசாமி தண்ணீருக்குள் கையை விட்டு அந்த வரப்பைத் தடவிப் பார்த்தார். சாந்தாமணியின் விஷயம் அவர் மனைவி மூலம் அவருக்குத் தெரிந்திருந்தது. எழுந்து வந்து, சேறான கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு, என்னிடம் கொஞ்சம் கோபமாகவே பேசினார். “அம்மணி போக முடியாது, சரிங்க. அங்க போற ஆளு ஒருத்தனாச்சும் இருப்பானுங்கல்லொ? நம்மூர்ல சேதி சொல்றதுக்கு ஆளு உட்டதே இல்லீங்களா?”

துறைமுக வாசல்

விசாரித்ததில், கார் நிகோபார் போகிற கப்பல் அன்றைக்குச் சாயங்காலமே கிளம்புகிறது என்று டிரைவர் சொன்னார். ஹோட்டலில் சாந்தாமணியின் பையை எடுத்துக்கொண்டு, மற்றவர்களைக் கடைத்தெருவில் இறக்கிவிட்டு, சாந்தாமணியையும் ரங்கசாமி தம்பதியையும் கூட்டிக்கொண்டு போனேன். கொண்டுவந்த வெற்றிலை வாடிப்போயிருந்தது. ஒரு பீடாக் கடையில் நின்றோம். கடைக்காரர் வழக்கம்போல் சுண்ணாம்பைத் தடவப் போக, சாந்தாமணி அவர் கையைப் பிடித்து நிறுத்தி வெறும் இலையாக வாங்கினார், கூடவே இரண்டு வாழைப்பழமும். தட்டத்துக்கு எங்கே போவது என்று நான் விழித்தபோது, ரங்கசாமியின் மனைவி முந்தானைக்குள்ளிருந்து ஹோட்டல் அறையின் டீ ட்ரேயை எடுத்தார். இதற்காகத்தான் எடுத்து வந்தாராம்.

டிக்கெட் இல்லாதவர்களைத் துறைமுகத்துக்குள் விடவில்லை. வாசலுக்கு வெளியே நிகோபார்க்காரர்கள் சிலர் அரிசி மூட்டைகள்மேல் உட்கார்ந்து கேட் திறக்கக் காத்திருந்தார்கள். நான் என் இந்தியைக் கூட்டிச் சேர்ப்பதற்குள் சாந்தாமணி அவர்களிடம் போய்விட்டார். “ஏனுங்க, நீங்க நிகோபாருங்களா?” ஐம்பது வயதுக்காரர் ஒருவர் தமிழிலேயே ஆமாம் என்றார். பெயர் ஜோசப். இளவயதில் தமிழர் கடையில் வேலை பார்த்துப் பேசக் கற்றவர். சாந்தாமணி ப்ரூஃப் தாளின் நாலு முனையிலும் மஞ்சள் தடவி, வெற்றிலை, பாக்கு, வாழைப்பழத்தோடு ட்ரேயை இரண்டு கையாலும் நீட்டினார். “புள்ளைக்குக் கல்யாணமுங்க. மாசி கடைசி முகூர்த்தம், அவிநாசியில. அவங்கப்பாவுக்கு நீங்கதான் சொல்லோணும். நீங்களும் குடும்பத்தோட வந்துபோடோணுமுங்க.” தன் வீட்டுக்காரர் அங்கே எதற்கு வந்தார், எப்படிப் போனார் என்று இரண்டு வரியில் சொன்னார்.

ஜோசப் மூட்டையிலிருந்து எழுந்து நின்றுதான் ட்ரேயை வாங்கினார். அவருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. தாளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “எங்க அம்மா, என் ரெண்டு பசங்க, எல்லாம் அந்தத் தண்ணிலதான்மா” என்றார். “வருஷா வருஷம் சர்ச்சில போனவங்க பேரெல்லாம் படிப்போம். உங்க வீட்டுக்காரர் பேர் சொல்லுங்க, சேர்த்துப் படிக்கிறேன்.” சாந்தாமணி திரும்பி ரங்கசாமியின் மனைவியைப் பார்த்தார். ஐந்து நாளில் அவர் வாயிலிருந்து ‘ஊட்டுக்காரரு’, ‘நந்தினி அப்பா’, ‘அவரு’ இவைதான் வந்திருந்தன. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொல்வதில்லை என்று வளர்ந்தவர். தாளில் இருக்கிறதே, நான் படித்துச் சொல்கிறேன் என்று கையை நீட்டினேன். ரங்கசாமியின் மனைவி என் கையைத் தட்டிவிட்டார். சாந்தாமணி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். “தங்கவேலுங்க. மோட்டார் மாட்ட வந்தவரு. அவிநாசி.”

அச்சகத்துக்கு ஒரு போன்

ஜோசப் தாளை நாலாக மடித்துச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு போனதைப் பார்த்தோம். கப்பல் கிளம்பியதை மதில்மேல் தெரிந்த புகைப்போக்கியை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். திரும்பும்போது வேனில் நான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடியில் டிரைவர் பார்த்துவிட்டார், மறைத்துப் பயனில்லை.

மறுநாள் காலை விமான நிலையத்தில் தலை எண்ணினால் ஒன்று குறைந்தது. ஓடிப்போய்த் தேடினேன். சாந்தாமணி ஒரு தூணுக்குப் பக்கத்தில் நின்று அச்சகத்துக்குப் போன் பேசிக்கொண்டிருந்தார். ஆறு நாளில் முதல் முறையாக அவர் முகத்தில் தூங்கி எழுந்த களை இருந்தது. “அந்த வார்த்தயப் போட்டுருங்கண்ணா. அவருகிட்டச் சொல்லிப்போட்டேன்.”

வெற்றிலை பாக்கு

பத்து நாள் கழித்துப் படியேறி வந்தார், கையில் தட்டத்தோடு. வாட்ஸ்அப்பில் அனுப்பியிருக்கலாமே அக்கா என்று வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டேன். எழுந்து நின்று வாங்கினேன். பத்திரிகையில் அந்த வெற்றிடம் இல்லை. காலஞ்சென்ற தங்கவேல், சாந்தாமணி இவர்களின் மகள் நந்தினி என்று இருந்தது. தெரியாமல் தலையாட்டிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஊர் திரும்பிய அன்றே போர்டில் ‘நிகோபார்’ என்ற எழுத்தின்மேல் வெள்ளைத் தாளை ஒட்டிவிட்டதையும் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

அவர் பாராட்டவில்லை. “வரும்போதே பாத்தனுங்க” என்றார். கீழே இறங்கும்போது படிக்கட்டில் அவர் செருப்புச் சத்தம் நின்றது. எட்டிப் பார்த்தேன். அந்தத் தாளின் ஒரு முனையை நகத்தால் கிளறிக்கொண்டிருந்தார். நிமிர்ந்து என்னைப் பார்த்தார். “இத மறைச்சுப்போடாதீங்க சார். இந்தப் பேரு இங்க இல்லீன்னா, நான் ஊட்ட உட்டே பொறப்பட்டிருக்க மாட்டேனுங்க.”

ஆகவே என் போர்டில் நிகோபார் இன்னும் இருக்கிறது. ‘அங்கே போக முடியாது’ என்று கீழே சிவப்பில் ஒரு வரி சேர்த்திருக்கிறேன். பதினெட்டு வருஷத்தில் நான் எழுதிய ஒரே உண்மையான விளம்பரம் அதுதான், அதைத்தான் வருகிறவர்கள் யாரும் படிப்பதில்லை.